சரளை கொட்டிய சாலை

பிள்ளையார் கோயில் முன்னால் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்தெட்டுத் தலைக்கட்டு வந்திருந்தது. எங்கள் பக்கம் ஒரு குடும்பத்தை ஒரு தலைக்கட்டு என்போம். கோயில் வரி, கண்மாய் வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. ஊராட்சித் தலைவராக இருக்கும் அக்கா வந்திருந்தார். டிராக்டர் வைத்திருக்கும் மாமா வந்திருந்தார். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஓரமாக நின்றார். எங்கள் சாலையில் தைலமரம் ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்காரர்களுக்குச் சொல்லியனுப்பியும் அவர்களில் ஒருவரும் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. கோயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் வீடு. ஆனால் அவரால் வெகுநேரம் உட்கார முடியாது. கட்டிலில் படுத்திருந்தார்.

அந்தக் கூட்டம் கூடியதே நான் எழுதிய மனுவால்தான். அதனால்தான் இதை எழுதும் பொறுப்பும் எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

எங்கள் ஊர் அரிமளத்துக்கும் திருமயத்துக்கும் இடையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்து பஸ் போகும் மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நான் ஆறாவது படிக்கும்போது அந்தச் சாலைக்குக் கடைசியாகத் தார் போட்டார்கள். இப்போது தார் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது, மற்றதெல்லாம் பள்ளம். பள்ளங்களுக்குப் பெயர்கூட உண்டு. பால்கேனோடு ஒருவர் விழுந்தது பால்காரர் பள்ளம். கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்த கார் சிக்கிக்கொண்டது மாப்பிள்ளைப் பள்ளம். எல்லாவற்றிலும் பெரியது சின்னப் பாலத்தை ஒட்டிய பள்ளம். லாரியின் பின்சக்கரங்கள் பாலத்திலிருந்து இறங்கும் இடம் அது. அதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்த லாரிகளில் பதினைந்து வருடம் மரம் ஏற்றியவர் அப்பா. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அவருக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது சிறுநீரகம் போயிருந்தது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ஏழரைக்குள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்வார்கள். அதற்காக அவருடைய இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே எதுவோ இரைவது தெரியும். அந்த இரைச்சல் இருக்கும்வரைதான் கைக்கு உயிர், மிஷினில் போட முடியும். இடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் கையைக் கீழே வைத்துப் படுக்க விடாதீர்கள், தினமும் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள்.

அப்பா அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார். உள்ளே ஒரு வண்டை அடைத்துத் தைத்துவிட்டார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் காலையில் நான் கை வைத்துப் பார்ப்பேன்.

"இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப வண்டிய எடு."

அம்மா அந்தக் கையைத் துண்டால் சுற்றிவிடுவாள். வண்டியில் ஏறியதும் அப்பா அதைத் தூக்கி என் இடது தோள்மேல் வைத்துக்கொள்வார். வலது கையால் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். அந்த மூன்று கிலோமீட்டரை நான் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவேன். என் வயதுப் பையன்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற சாலையில் எனக்கு உள்ளங்கை வேர்த்து ஆக்சிலேட்டர் வழுக்கும். முன்சக்கரம் எதிலாவது இறங்கும்போதெல்லாம் தோளில் இருக்கும் கையைத்தான் நினைப்பேன். மெயின் ரோட்டில் ஏறியபிறகுதான் கியரை மாற்றுவேன். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், எங்கே ஒரு காலை ஊன்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். செய்யுள் மனப்பாடம் செய்தபோதுகூட அவ்வளவு தெளிவாகச் செய்ததில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. முடித்துவிட்டு அரிமளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கிறேன். மற்றவர்களுடைய மனுக்கள்தான் வேலை. பட்டா மாறுதல், முதியோர் பென்சன், சாலை வசதி. 'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்' என்ற பதில் வரியை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன் என்று தெரியாது. எங்கள் சாலைக்காக நான் போட்ட மூன்று மனுவுக்கும் அதே வரிதான் வந்தது. நான்காவது மனுவில் அப்பாவின் கையைப் பற்றியும் எழுதினேன். அதற்கு வேறு பதில் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அலுவலர்கள் நேரில் வந்து சாலையைப் பார்வையிடுவார்கள்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். படித்து முடித்ததும் டீக்கடைக்காரர் ஒரு பழைய கதையை எடுத்தார். நாலைந்து வருடம் முன்பு வேறு ஏதோ வேலையாக ஒரு அதிகாரி வந்ததும், அவருடைய ஜீப் சின்னப் பாலத்தோடு நின்று திரும்பிப் போனதும், அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவருமே வராததும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவையும் வண்டி பாலத்தோடு திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எங்கள் ஊரில் பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து பால்குடம் வரும் பாதையை நிரவிக் கொடுக்க வேண்டும். யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் அலுவலர் வருகிற பாதையையும் அப்படியே நிரவிக் கொடுப்பது என்று ஆகிவிட்டது. ஊராட்சியில் காசு இல்லை என்றார் அக்கா. அவர் பதவிக்கு வந்ததிலிருந்து தெருவிளக்குக்கே அல்லாடுகிறார். தலைக்கட்டுக்கு முந்நூறு ரூபாய் வரி போட்டுச் சரளை மண் அடிப்பது என்று முடிவானது.

"நம்ம ரோட்டுல அவுக இடுப்பு ஒடிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார் அக்கா.

டிராக்டர் மாமா சிரித்தார். "பாத்துக்கங்க. நாம ரொம்ப நல்லாப் போட்டுட்டா, அதான் இருக்கேன்னு அவுக போடாமப் போயிருவாக."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பக்கம் பக்கமாக மனு எழுதுகிறவன் நான். பார்வையிடுவது என்றால் எதைப் பார்ப்பது என்று அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. வெள்ளிக்கிழமை அப்பாவை அழைத்துப் போகும் நாள். முந்தின நாளே சரளை அடித்துவிட்டால் அன்று ஒருநாளாவது பயமில்லாமல் ஓட்டலாம் என்பதுதான் என் மனதில் ஓடியது. முந்நூறு ரூபாயை முதல் ஆளாக எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டேன். டிராக்டரில் ஏழு நடை சரளை வந்தது. ஆளாளுக்கு மண்வெட்டி, சட்டி. கொட்டி, நிரவி, தண்ணீர் தெளித்து, டிராக்டரையே முன்னும் பின்னும் ஓட்டி அமுக்கினோம். சின்னப் பாலத்துப் பள்ளத்துக்கு மட்டும் ஒன்றரை நடை போனது. செம்மண் நிறத்தில் மூன்று கிலோமீட்டரும் ஒரே மட்டமாகக் கிடந்ததைப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். பெண்கள் இரண்டு மூன்று இடத்தில் கோலம் போடுவதாகச் சொன்னதை அக்காதான் தடுத்தார்.

மறுநாள் காலை அப்பா துண்டு சுற்றிய கையை என் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் சாலையில் முதல்முறையாக மூன்றாவது கியர் போட்டேன். வண்டி ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போ, நல்லா இருக்கு, பார்த்துக்கிட்டே வாரேன் என்றார் அப்பா.

அலுவலர்கள் பதினோரு மணிக்கு வந்தார்கள். நான் அப்போது மிஷின் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனு எழுதியவன் அங்கே இல்லை. மனுவில் எழுதப்பட்டிருந்த கையும் அங்கே இல்லை. பதினொன்றரை மணி வாக்கில் டிராக்டர் மாமா போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"கார் ஒரு குலுங்கு குலுங்கல மாப்ள. வழுக்கிக்கிட்டு வந்துச்சு."

எங்கெல்லாம் இறங்கி அளந்தார்கள் என்று கேட்டேன்.

"எறங்கவே இல்லயே. கோயில்கிட்ட கண்ணாடிய எறக்கி, இது யாரு போட்டதுன்னு கேட்டாக. நாங்கதாங்கன்னு சொன்னோம். பரவாயில்லயேன்னு ரொம்பச் சந்தோஷப்பட்டாக. போட்டோகூட எடுத்தாக."

மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மோர் குடிக்கச் சொன்னதற்கு, நேரமில்லை என்று அவர்கள் போய்விட்டார்களாம். நான் சரிங்க மாமா, சரிங்க மாமா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போனை வைத்தபிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடது கையில் இரண்டு ஊசி. சிவப்பாகக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. மேற்படி சாலை போக்குவரத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளது எனத் தெரியவருகிறது. நிதி நிலைமையைக் கருத்தில் கொண்டு, மிகவும் பழுதடைந்த சாலைகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது. நான் அந்த அலுவலகத்துக்கே நேரில் போனேன். அங்கே இருந்தவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். இந்த வருடம் சாலைக்கென்று மேலேயிருந்து வந்தது கொஞ்சம், கேட்டு நிற்கும் ஊர்கள் நிறைய, இருக்கிறதிலேயே மோசமானதாகப் பார்த்துத்தான் எழுதி அனுப்ப முடியும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நாங்கள் தண்ணீர் தெளித்து அமுக்கிய சாலை, வெயிலில் அழகாக இருந்தது.

"இதுல எந்தப் பள்ளத்தக் காட்டி நான் காசு கேக்குறது, நீங்களே சொல்லுங்க தம்பி."

மறுபடி மனு கொடுங்கள், போட்டோ வைத்துக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சரளை ஒரு வாரம் தாங்கியது. அதன்மேல் லோடு லாரிகள் ஏறி இறங்கிக் களியாக்கிவிட்டன. அதன்பிறகு எனக்கு வந்த பயம் பழைய பயம் இல்லை. முன்பு எந்தப் பள்ளம் எங்கே என்று தெரிந்து பயந்தேன். இப்போது பழைய பள்ளங்களில் பாதி மூடிக் கிடந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக விழுந்திருந்தன, எல்லாவற்றின் மேலும் செந்தண்ணீர் ஒரே மட்டமாக நின்றது. பார்ப்பதற்குச் சாலை மாதிரியே இருந்தது. எனக்கு மனப்பாடமாக இருந்தது எதுவும் இனி உதவாது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் இரவுச் சாப்பாடு இறங்காது. அம்மா கேட்டால் வயிறு சரியில்லை என்பேன்.

ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டார்கள். மழை விடட்டும், ஒருநாள் தள்ளிப் போவோம் என்று சொல்லவும் முடியாது. ஒரு முறை தவறினால் அப்பாவுக்கு நீர் ஏறி மூச்சு முட்டும். அதையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. மழை விட்டிருந்தது. வண்டு இருந்தது, கை வைத்துப் பார்த்துத்தான் கிளம்பினேன். பாதி தூரம் அப்பாவை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். களியில் செருப்பு ஒட்டிக்கொண்டது. கழற்றி டேங்க் கவரில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிந்தினால் அன்றைய மிஷின் அடுத்தவருக்குப் போய்விடும். சின்னப் பாலம் வந்தது. பாலத்தின்மேல் தார் இருந்தது, காலுக்குக் கெட்டியாக இருந்தது.

"ஏறி ஓட்டு தம்பி. நேரமாகுது," என்றார் அப்பா.

ஏறினேன். பழைய பள்ளம் இடது பக்கம் என்று தெரியும். அதனால் வலது பக்கமாக ஒதுங்கி இறங்கினேன்.

முன்சக்கரம் முழுசாக உள்ளே போனது. நான் வலது பக்கம் விழுந்தேன். அப்பா என் தோளைத் தாண்டி இடது பக்கம் போனார். நான் எழுந்து பார்த்தபோது அவர் தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தார். இடது கை அவருக்கு அடியில் இருந்தது. தூக்கி உட்காரவைத்தேன். துண்டு சேறாகிக் கையோடு ஒட்டியிருந்தது. முகத்தைக்கூடத் துடைக்காமல் அதைத்தான் கேட்டார்.

"வண்டு இருக்கான்னு பாரு."

சேறு அப்பிய என் கைக்கு எதுவும் தெரியவில்லை. துண்டைப் பிரித்து, தண்ணீரில் மண்டிபோட்டு, அந்த இடத்தில் காதை வைத்தேன். கையில் சேற்று வாடை அடித்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கேட்டது. உம்மென்று, விடாமல்.

"இருக்குப்பா."

"இருக்குல்ல?"

"இருக்கு. எனக்கு நல்லாக் கேக்குது."

அப்பா சிரித்தார். பல்லிலெல்லாம் செம்மண். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு மெயின் ரோடு வரைக்கும் அவரை அணைத்துக்கொண்டே நடந்தேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி எட்டு தாண்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் நர்ஸ் கையைக் கழுவித் துடைத்தார். விரல் வைத்துப் பார்த்தார். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்.

நான் டாக்டரிடம் சண்டை போடுகிற மாதிரி சொன்னேன். இப்போதுதான் கேட்டேன் சார், காது வைத்துக் கேட்டேன், இருந்தது சார். அவர் என் தோளில் கை வைத்தார். பயத்தில் இருக்கும்போது நம்முடைய ரத்த ஓட்டமே நம் காதுக்குள் அப்படி இரையும் என்றார்.

வண்டு நின்றுபோயிருந்தது. அடிபட்டதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அன்று அப்பாவுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதன்வழியாகத்தான் மிஷினில் போட்டார்கள். வலது கையில் புதிதாக ஆபரேஷன் செய்வதாகவும், அது பழகி வர ஆறு வாரம் ஆகும் என்றும், அதுவரை கழுத்துக் குழாயில் சேறோ தூசியோ பட்டால் உயிருக்கே ஆபத்து, டூவீலரில் ஏற்றவே கூடாது என்றும் சொன்னார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்குப்பா என்று நான் சொன்னதைப் பற்றி அன்றும் அவர் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

டிராக்டர் மாமா வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. பாலத்துப் பள்ளத்துக்கு மட்டும் ரெண்டு நடை கல்லு கொண்டாந்து போட்டுர்றேன் மாப்ள, காசு வேணாம் என்றார். கட்டிலில் அப்பா தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தார். கழுத்தில் வெள்ளைக் கட்டு. அம்மா என்னைப் பார்த்தாள். நான் போட்ட மனு அலுவலகத்தில் இருந்தது. மறுபடி பார்வையிட எந்த நாளிலும் வரலாம்.

"மூட வேணாம் மாமா. அப்படியே கெடக்கட்டும்," என்றேன்.

சொன்னது என் வாய்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளத்தில் வாடகைக் கார் இறங்கியபோது அப்பாவின் கழுத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே, இந்த ரோட்டுக்கெல்லாம் வாடகை பேசி வந்தது என் புத்தி என்று முணுமுணுத்தார்.

இப்போது வலது கையில் வண்டு இருக்கிறது. ஏழாவது வாரத்திலிருந்து மறுபடி என் வண்டியில்தான் போகிறோம். அப்பா இப்போது வலது கையை என் வலது தோளில் வைத்துக்கொண்டு, பலமில்லாத இடது கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொள்கிறார். கிளம்பும்போது இருக்கா என்று அவர் கேட்டால் நான் மட்டும் பதில் சொல்வதில்லை. அம்மாவையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சின்னப் பாலம் வந்தால் இருவரும் இறங்கி நடக்கிறோம். பார்வையிட இன்னும் யாரும் வரவில்லை.

கார் ஆறு வாரத்துக்கு ஓடியது, வாரத்துக்கு இரண்டு நடை. புதுக்கோட்டை போய்வர ஆயிரத்து இருநூறு, எங்கள் ஊர்ச் சாலைக்கென்று தனியாக இருநூறு. அம்மா இரண்டு ஆடுகளையும் விற்றாள், மீதிக்கு நான் சம்பளத்தில் முன்பணம் வாங்கினேன். பன்னிரண்டு நடைக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு. சரளைக்கு நான் முதல் ஆளாக எடுத்துக் கொடுத்த முந்நூறையும் சேர்த்தால் பதினேழாயிரத்து நூறு ரூபாய்.